பீரங்கிக்கு நின்ற ஆட்டம்

எங்கள் பந்தாட்ட அணியின் மேனேஜர் உடம்பு சரியில்லாமல் விலகிக்கொண்டார் என்று நீங்கள் பத்திரிகையில் போட்டது பொய், சங்கத் தலைவர் அவர்களே. அந்த மனிதருக்குத் தலைவலிகூடக் கிடையாது. அவரைத் துரத்தியது நீங்கள். ஏன் துரத்தினீர்கள் என்பது அன்று மைதானத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். மறக்க முடியாத அனுபவத்தை வாசகர்கள் எழுதலாம் என்று இந்தப் பத்திரிகையில் கேட்டிருக்கிறார்கள். என்னுடையது இதுதான். யார் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை.

போன வருஷம் நோன்பு மாதத்தில், பினாங்கில் கோட்டைக்குப் பக்கத்திலுள்ள கடற்கரை மைதானத்தில் நடந்தது இது. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஜனங்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம். நான் துறைமுகத்தில், கப்பலுக்கும் கரைக்கும் சரக்குக் கொண்டுபோகும் தொங்கான்களில் மூட்டை தூக்குகிறவன். பாதி நாள் வேலை இருக்காது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாயங்காலம் பந்தாட்டம் பார்க்கப் போய்விடுவேன். எங்கள் ஆட்களுக்கு அந்த வருஷம் சந்தோஷமாகப் பேசுவதற்கு வேறொன்றும் இல்லை.

எங்கள் சங்கத்து அணியில் பாதிக்கு மேல் சூலியா தெருக் கடைகளில் வேலை பார்க்கும் முஸ்லிம்கள். மற்றவர்கள் துறைமுகத்து ஆட்கள். யார் ஆடுவது என்று கமிட்டிதான் முடிவு செய்யும். கமிட்டிக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் உண்டு. ஒருவருடைய மச்சான், ஒருவருடைய கடைக் கணக்கப்பிள்ளை, இப்படி. பந்து எந்தப் பக்கம் போகிறதென்று தெரியாதவன்கூட இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடு மைதானத்தில் நிற்பான். நோன்பு மாதம் வந்தால் இன்னொரு வழக்கம். நோன்பாளி ஓட மாட்டான் என்று சொல்லி முஸ்லிம் ஆட்டக்காரர்களை உட்கார வைத்துவிடுவார்கள். மிச்ச இடத்தையெல்லாம் மச்சான்மார் பிடித்துக்கொள்வார்கள். பிறகென்ன, உதைதான். வருஷா வருஷம் வாங்கிப் பழகிவிட்டோம்.

அந்த வருஷம்தான் புது மேனேஜர் வந்தார். சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டமொன்றில், காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரஸ்ஸராக இருந்தவர். ஆள் குறைப்பில் வேலை போய், தீவுக்கு வந்து, சூலியா தெருவில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான ஆள். அதிகம் பேச மாட்டார். தோட்டத்து அணிகளுக்கு ஆடியவர் என்று யாரோ சொல்ல, கமிட்டி அவரைக் கூப்பிட்டது. மேனேஜர் வேலைக்குச் சம்பளம் கிடையாது. அதனால்தான் அது அவர் கைக்கு வந்தது.

வந்த வாரமே மச்சான்மாரை வெளியே அனுப்பினார். மூன்று ஆட்டம் ஜெயித்தோம். வரிசையாக மூன்று. எங்கள் ஆட்களுக்குத் தலைகால் புரியவில்லை. காப்பிக்கடையில் உட்கார்ந்துகொண்டு, இன்னும் வராத பந்தயக் கோப்பையை எங்கே வைப்பது என்று சண்டை போட்டார்கள். கடைக்காரர் தன் கண்ணாடி அலமாரியைக் காலி செய்து காட்டினார். கோப்பை வந்தால் தண்ணீர்மலைக் கோயிலில் மொட்டை போடுகிறேன் என்று எங்கள் தொங்கான் ஆள் ஒருவன் வேண்டிக்கொண்டான். அவன் தலையில் ஏற்கெனவே முடி அதிகம் இல்லை. முருகனை ஏமாற்றப் பார்க்கிறாயா என்று எல்லோரும் அவனைக் கிண்டல் செய்தார்கள்.

பிறகு நோன்பு மாதம் பிறந்தது. கமிட்டி வழக்கம்போல் முஸ்லிம் ஆட்களுக்கு ஓய்வு என்றது. மேனேஜர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆட முடியுமா முடியாதா என்பதை அவரவர் சொல்லட்டும் என்றார். எல்லோரும் ஆடுகிறோம் என்றார்கள். அவர் செய்தது இவ்வளவுதான். நோன்பு வைத்தவர்களைப் பின்னால் நிறுத்தினார். பந்தை மறித்து முன்னால் தட்டிவிடுவது அவர்கள் வேலை, ஓடுவது எங்கள் துறைமுகத்து ஆட்கள் வேலை.

அந்த மாதத்து முதல் ஆட்டத்தை நான் கயிற்றை ஒட்டி நின்று பார்த்தேன். இடைவேளையில் மேனேஜர் தண்ணீர் வாளியை மூடிக் கொண்டுவந்து, குடிக்கிறவர்கள் அந்த மரத்துக்குப் பின்னால் போய்க் குடித்துக்கொள்ளுங்கள் என்றார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எங்கள் முன்வரிசை ஆள், நாக்கு வெளியே தொங்குகிற மாதிரி ஓடியவன், புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டு சொன்னான்: “எனக்கு வேணாம் லா. இவனுங்க காலையிலேர்ந்து தாங்குறானுங்க, எனக்கு என்ன கேடு?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோலி, கோல் காக்கிறவன், நோன்பு வைத்தவன், அவன் விலாவில் இடித்தான். “குடிச்சுத் தொலைடா மச்சான். நீ மயங்கி விழுந்தா உன்னையும் நான்தானே தூக்கணும்.”

அவன் குடிக்கவில்லை. அந்த மாதம் முழுக்க எங்கள் அணியில் யாரும் இடைவேளையில் தண்ணீர் குடிக்கவில்லை. யாரும் சொல்லிச் செய்ததில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் கடலை கொறித்துக்கொண்டு நின்ற நாங்களும் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டோம். அன்றும் ஜெயித்தோம்.

அரையிறுதி ஆட்டம் வெள்ளைக்கார கிளப் அணியோடு. சாயங்காலம் ஐந்து மணிக்கு என்று பேச்சு. அப்படித் தொடங்கினால் நோன்பு திறப்பதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் அன்று சீமைத் தபால் கப்பல் நாள். ஆபீஸ் வேலையை முடித்துக்கொண்டு வெள்ளைக்காரர்கள் வந்து சேர அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் ஆட்கள் அதுவரை வெயிலில் நின்றார்கள். நீங்கள், தலைவர் அவர்களே, கூடாரத்தில் துரைமாரோடு நாற்காலியில் இருந்தீர்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதைச் சொல்கிறேன்.

அணிக்கொரு கோல் போட்டுச் சமமாக இருந்தது. இரண்டாவது பாதியில் சூரியன் இறங்கியது. நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கோட்டையில் பீரங்கி போடுவார்கள். மைதானத்தில் நின்றால் நெஞ்சில் அடிக்கிற மாதிரி கேட்கும். அது கேட்டதும் எங்கள் பின்வரிசை ஆட்கள் ஒரு கணம் நின்றார்கள். பிறகு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். எச்சில் விழுங்கிக்கொண்டு ஓடினார்கள்.

மேனேஜர் கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் போனார். பந்து வெளியே போன சமயம் பார்த்து ரெபரியிடம் ஏதோ சொன்னார். ரெபரி வெள்ளைக்காரர். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எதிரணித் தலைவனைப் பார்த்தார். அவன் தலையாட்டினான். தாமதமாக வந்தது நாங்கள்தானே என்று அவன் சொன்னதாக, பக்கத்தில் நின்று கேட்ட எங்கள் ஆள் பிறகு சொன்னான். ஊதல் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்கள்.

மேனேஜர் பேரீச்சம்பழமும் ஒரு தூக்குவாளியில் பள்ளிவாசல் கஞ்சியும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். பையன்கள் புல்லிலேயே குந்தி உட்கார்ந்து, ஒரே குவளையை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். மாதம் முழுக்க இடைவேளையில் தண்ணீர் தொடாத அந்த முன்வரிசை ஆளுக்குக் கோலி தன் கையால் முதல் குவளையைக் கொடுத்தான். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு நடுவிலும் கடல் சத்தம் கேட்டது. வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் தூரத்தில் கை கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருவனும் முகம் சுளிக்கவில்லை.

இதையெல்லாம் சொல்கிறவன் அடுத்ததையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் சூரியன் போனால் வெளிச்சம் காத்திருக்காது. ஆட்டம் மறுபடி தொடங்கியபோது அரை இருட்டு. முடிவதற்குச் சற்று முன்னால் தூரத்திலிருந்து ஒருவன் அடித்தான். எங்கள் கோலி பந்தைப் பார்க்கவே இல்லை. அது வலையில் விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தான். தோற்றோம்.

எனக்கும் ஆத்திரம்தான். கஞ்சி குடித்தே கோப்பையைத் தொலைத்தார்கள் என்று திரும்பும் வழியெல்லாம் எங்கள் ஆட்களே பேசினார்கள். காப்பிக்கடைக்காரர் அலமாரியில் மறுபடி பிஸ்கட் டின்களை அடுக்கினார். நிறுத்தாமல் இருந்தால் ஜெயித்திருப்போமா? ஜெயித்திருக்கலாம். அது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

ஆனால் நீங்கள் கூடாரத்திலிருந்து இறங்கி வந்து மேனேஜரிடம் சொன்னதில் தோல்வியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன்.

“பெரிய துரைங்க முன்னால பிச்சைக்காரப் பயலுங்க மாதிரி தரையில உக்கார வெச்சுக் கஞ்சி ஊத்துறியா? என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவேன்?”

மேனேஜர் குனிந்து புல்லில் கிடந்த குவளையை எடுத்தார். காலித் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டொரு நாளில் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. மேனேஜர் உடல்நலம் குன்றியதால் விலகிக்கொண்டார், சங்கம் வருந்துகிறது என்று. உங்களுக்கு அது மரியாதையான வார்த்தையாகத் தோன்றியிருக்கும். எங்கள் தெருவில் அது எப்படிப் பரவும் என்று நீங்கள் யோசிக்கவில்லை. ஒல்லியான மனிதர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு இருந்தவர். அவருக்குச் சயரோகம் என்று பேச்சு கிளம்பியது. அவர் கையால் மருந்து வாங்க ஜனங்கள் தயங்கினார்கள். மருந்துக்கடைக்காரர் கொஞ்ச நாள் பார்த்தார். பிறகு, வியாபாரம் போகிறது தம்பி, என்னைத் தப்பாக நினைக்காதே என்று அனுப்பிவிட்டார். அரசாங்க ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் வேலைக்கு அவர் கேட்டிருந்தார். அங்கேயும், உடம்பு தேறட்டும், பார்க்கலாம் என்றார்களாம். தேறுவதற்கு அந்த உடம்பில் நோய் ஒன்றுமே இல்லை.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது படகுத்துறையில். கையில் தகரப் பெட்டி. அக்கரையில் ஏதாவது தோட்டத்தில் வேலை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கப் போகிறார். நான் போய், வாங்க, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு தலைவர் வீட்டு வாசலில் நின்று கேட்போம் என்று கத்தினேன். எனக்கு அப்படித்தான் பேச வரும். அவர் என் தோளில் கை வைத்து என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

“விடுங்கண்ணே. எனக்கு நோய் இல்லன்னு நானே ஊரெல்லாம் சொன்னா, இருக்குறவன்தான் இப்படிச் சொல்லுவான்னு பேசுவாங்க. இருக்குன்னு எழுதுனவங்கதான் இல்லன்னு எழுதணும்.”

படகு வரும்வரை நின்றுகொண்டிருந்தோம். அவர் நோயைப் பற்றி மறுபடி பேசவில்லை. அந்தக் கோலிப் பையன் தன்னால்தான் தோற்றோம் என்று இன்னும் மூலையில் உட்கார்ந்திருக்கிறானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த வெளிச்சத்தில் யார் நின்றிருந்தாலும் அந்தப் பந்து தெரிந்திருக்காது என்று அவனிடம் சொல்லச் சொன்னார். ஆட்டத்தை நிறுத்தச் சொன்னது நான், அந்தக் கோல் என் கணக்கு என்றார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஒரு தோட்டத்திலும் எடுக்கவில்லை என்று ஒருவர் சொன்னார்.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். இதை என் கூட்டாளி ஒருவரிடம் சொல்லிச் சொல்லித்தான் எழுத வைத்திருக்கிறேன். பந்தாட்டத்தில் தோற்பது எங்களுக்குப் புதிதல்ல. ஒரு மனிதர், ஜெயிக்க வேண்டிய நேரத்தில், தாகமாக இருந்தவர்களுக்காக ஆட்டத்தை நிறுத்தி, வந்த தோல்வியையும் தன் மேல் போட்டுக்கொண்டு போனார். எங்கள் அணி இன்னும் எத்தனை கோப்பை வாங்கினாலும் நான் அந்த அணியின் ஆள் என்று சொல்லிக்கொள்வது அந்தத் தோல்விக்காகத்தான்.

தலைவர் அவர்களே, அந்த மனிதருக்கு என்ன நோய்? எந்த டாக்டர் சொன்னார்? நோய் இல்லை என்றால் இல்லை என்று, இதே பத்திரிகையில், அந்த அறிவிப்பு வந்த அதே பக்கத்தில், உங்கள் கையெழுத்தோடு எழுதுங்கள்.