காது சொன்னால் சரி

அவருக்குக் காது என்று பெயர் வைத்தது பெற்றவர்கள் இல்லை. முகம் தெரியாத ஆயிரத்து எழுநூறு பேர் சேர்ந்து வைத்த பெயர் அது. அந்த ஆயிரத்து எழுநூறு பேரிடமும் இருந்தது ஒரே வகைக் கார். செய்த கம்பெனியே மறந்துவிட்ட கார். பதினாறு வருடமாக அதற்கு ஒரு நட்டுகூடப் புதிதாக வருவதில்லை. விற்றால் வாங்க ஆளில்லை, விட்டுப்போக மனசில்லை என்று அதைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் எல்லாரும் போனில் ஒரு குழுவாகச் சேர்ந்திருந்தார்கள். குழுவின் பெயர் ‘இன்னும் ஓடுது’.

அங்கே சொந்தப் பெயரும் கிடையாது, போன் நம்பரும் வெளியே தெரியாது. வண்டியின் நிறமோ, செய்யும் தொழிலோ, எப்போதோ அடித்த கூத்தோ ஒரு பெயராக ஒட்டிக்கொள்ளும். பின்னால் எடுக்கிறேன் என்று தன் வீட்டு இரும்புக் கேட்டையே சாய்த்தவர் ‘கேட்’ ஆனார். குழுவைக் கட்டி மேய்த்த அம்மாள் நிஜமாகவே பள்ளிக்கூட டீச்சர். அதனால் அவர் ‘டீச்சர்’. ஒருவருடைய ஜன்னல் கண்ணாடி இறங்காமல் மக்கர் செய்தால், எங்கோ இருக்கும் இன்னொருவர் தன் ஓட்டை வண்டியிலிருந்து அந்தப் பாகத்தைக் கழற்றித் தபாலில் அனுப்புவார். கூடப் பிறந்த அண்ணன் தம்பி இப்படி இருப்பார்களா என்றால், இருக்க மாட்டார்கள்.

காதின் வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். ஆளுயர இயந்திரங்கள் பதினொன்று. இருபத்தேழு வருடமாகப் படுக்கை விரிப்புகளையும் டாக்டர்களின் பச்சை அங்கிகளையும் அவற்றுக்குள் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். எந்த இயந்திரம் எந்த வாரம் படுக்கப் போகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அந்த வித்தைதான் குழுவுக்கு வந்தது. யாருடைய வண்டியாவது முனகினால், முப்பது வினாடி ஒலிப்பதிவு செய்து குழுவில் போடுவார்கள். உடனே மற்றவர்கள் ஆளுக்கொரு வியாதி சொல்வார்கள். கடைசியில் காது வருவார். நான்கு வார்த்தை எழுதுவார். அதோடு விவாதம் முடிந்துவிடும். ‘காது சொன்னால் சரி’ என்பது அங்கே பழமொழியாகவே ஆகிவிட்டிருந்தது.

சலவைக்கூடத்தில் அவரை ‘மெஷின்காரர்’ என்பார்கள். மேலதிகாரிக்கு அவர் பெயர் இன்றுவரை சரியாக வராது. ஐம்பத்து நான்கு வயதில் ஒரு மனிதனுக்கு எங்காவது ஓர் இடத்தில் மரியாதை வேண்டாமா? அவருக்கு அது அந்தப் போனுக்குள் இருந்தது.

மனைவிக்கு இதெல்லாம் வேடிக்கை. “வீட்ல நாலு தடவ கூப்பிட்டா செவிடன் காதுல ஊதின சங்கு. எங்கயோ எவன் வண்டியோ தும்மினா மட்டும் எந்திரிச்சு உக்காந்துடுவீங்க” என்பாள். அவர் சிரித்துக்கொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ‘சாம்பல்’ குழுவில் ஒரு சத்தம் போட்டார். சாம்பல் நிற வண்டி, பின்னால் பார்க்கும் இடதுபக்கக் கண்ணாடி மட்டும் வேறு வண்டியிலிருந்து வந்த சிவப்பு. மறுநாள் காலை ஆறு மணிக்கு மனைவியையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு மலையைத் தாண்டி மச்சினி வீட்டுக்குப் போகிறாராம். அடியில் ஏதோ சத்தம், போகலாமா வேண்டாமா என்று கேட்டிருந்தார். காது மூன்று முறை கேட்டார். தகரம் அதிரும் சத்தம் தெளிவாக இருந்தது. ‘அடித்தகடு ஆடுது. ஒண்ணுமில்ல. கம்பி போட்டுக் கட்டிட்டுப் போங்க’ என்று எழுதினார். சாம்பல் கும்பிடு போட்டார். நாற்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் முன் சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை போட்டார். காரணம் ஒன்றும் இல்லை. தான் சரியாகச் சொன்ன சத்தங்களைத் திரும்பக் கேட்பதில் அவருக்கு ஒரு சுகம்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி முகத்தைச் சுளித்தாள். “அய்யோ, அத நிறுத்துங்களேன். பல்லு கூசுது.”

“தகரம் ஆடறதுக்கா பல்லு கூசுது உனக்கு?”

“தகரம் இல்லீங்க. அதுக்கு மேல கீச்சு கீச்சுன்னு ஒண்ணு கத்துதே, அது.”

அவர் மறுபடி போட்டார். தகரம் ஆடியது. போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டார். தகரம்தான் ஆடியது.

“எங்க கத்துது?”

“இதோ, இப்ப. இதோ. சக்கரம் சுத்தறா மாதிரி விட்டு விட்டு வருது பாருங்க.” அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள். “விளையாடறீங்களா? நெசமாவே கேக்கலியா?”

விட்டு விட்டு, சக்கரம் சுற்றுவது போல, பல் கூசும்படி. அதைக் கேட்க வேண்டியதே இல்லை, சொன்னாலே அவருக்குத் தெரியும். பிரேக் கட்டை தேய்ந்து தீர்ந்தால் கத்துவதற்கென்றே அதில் ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். அது கத்துகிறது. இந்த வண்டியில் மூன்று பேர் மலை ஏறி இறங்கப் போகிறார்கள்.

நேரே குழுவுக்குப் போனார். ‘சாம்பல், வண்டிய நிறுத்துங்க. மலை ஏறாதீங்க. மறுபடி கேட்டேன், பிரேக் கட்டை கத்துது’ என்று எழுதினார். பதில் இல்லை. எப்படி வரும்? ஸ்டியரிங்கில் கை இருக்கும்போது போனில் கை இருக்கக் கூடாது, அணைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது டீச்சர் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தைப் போன வருடம் முதலில் கை தூக்கி ஆதரித்தவரே காதுதான். சாம்பல் ரொம்ப ஒழுங்கான மனிதர்.

ஐந்து நிமிடத்தில் குழு சூடுபிடித்தது. சாம்பலின் நம்பர் யாரிடமும் இல்லை, நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் வண்டியை எல்லாருக்கும் தெரியும். எந்தச் சாலையில் போவார் என்று ஒருவர் கணக்குப் போட்டார். நடுவழியில் பெட்ரோல் பங்கில் வேலை செய்யும் ஒருவர், தான் வேலைக்கு வந்ததே எட்டு மணிக்கு, அதற்கு முன் போயிருக்கலாம் என்றார். அப்போது ‘பங்சர்’ வந்தார். மலை ஏறுவதற்கு முன் இருக்கும் கடைசி டயர் கடை அவருடையது. ‘கடைய மூடிட்டு ரோட்டுல நிக்கறேன். சிவப்புக் கண்ணாடிதானே? என்னைத் தாண்டிப் போயிடுவாரா பாப்போம்’ என்று எழுதிவிட்டுப் போனார். சாம்பல் ஏற்கனவே அவரைத் தாண்டிப் போயிருக்கலாம் என்பதை ஒருவரும் எழுதவில்லை.

காது வேலைக்குப் போனார். போகாமல் வீட்டில் இருந்தால் மட்டும் என்ன செய்துவிட முடியும்? சலவைக்கூடத்தில் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பச்சை அங்கிகளை விரிப்புகளோடு சேர்த்துப் போட்டார், திரும்ப வெளியே இழுத்தார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அழுக்குத்துணி வண்டிகளுக்குப் பின்னால் போய்ப் போனைப் பார்த்தார். மலையின் கொண்டை ஊசி வளைவுகள் அவருக்குத் தெரியும். மாமியார் பின்சீட்டில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார் என்பதுவரை மனசு படம் போட்டது.

ஏழாம் இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது இஸ்திரி உருளையில் வேலை செய்யும் அம்மாள் வேகமாக வந்து ஒரு பொத்தானை அமுக்கினாள்.

“எவ்ளோ நேரமாண்ணே கத்துது இது? பக்கத்துலயே நிக்கறீங்க!”

“எங்க கத்துது? லைட்டுதானே எரியுது. பஸ்ஸர் திரும்பக் கெட்டுப்போச்சா?”

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “பஸ்ஸர் கெட்டதே இல்லண்ணே. நீங்க கம்ப்ளெய்ன்ட் பண்ணீங்கன்னு போன வருஷம் ஒரு தடவ மாத்தினாங்க, இந்த வருஷம் ஒரு தடவ மாத்தினாங்க. எல்லாருக்கும் கேக்குது.”

எலக்ட்ரீஷியனை அவர் எத்தனை திட்டு திட்டியிருக்கிறார்! சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்தே கால் மணிக்குக் குழுவின் வழியாகவே அழைப்பு வந்தது. பங்சர். அதுவரை அவர் குரலைக் கேட்டதில்லை, ஆனாலும் தெரிந்தது.

“புடிச்சாச்சுண்ணே! குறுக்க விழாத குறைதான். சக்கரத்தக் கழட்டிப் பாத்தா கட்டையே இல்ல, வெறும் இரும்பு இரும்போட உரசுது. கையக் கிட்ட வைக்க முடியல, அவ்ளோ கொதிப்பு. இறக்கத்துல மிதிச்சிருந்தா நின்னிருக்காது. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. இருங்க, அவர்கிட்டயே குடுக்கறேன்.”

மூச்சு வாங்கும் ஒரு குரல் வந்தது. “அண்ணே, நான் சாம்பல். எப்படிச் சொல்றதுன்னே தெரியல. நீங்க மட்டும் மறுபடி கேக்காம இருந்திருந்தா…”

“வழியில சத்தம் ஒண்ணும் கேக்கலியா உங்களுக்கு?” என்றார் காது. கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

“கேட்டுச்சுண்ணே. கிளம்பினதுலேருந்தே கீச்சுன்னு கேட்டுச்சு. மாமியார் மூணு தடவ சொன்னாங்க, வண்டிய ஓரம் கட்டுங்க மாப்பிள்ளன்னு. நான்தான் அதட்டிட்டேன். நீங்க ஒண்ணுமில்லன்னு சொல்லியிருந்தீங்கல்ல.”

அதில் கோபமே இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார். ஒரு மனிதன் தன் இரண்டு காதையும் மூடிக்கொண்டு, மாமியார் பேச்சையும் தள்ளிவிட்டு, இவருடைய நான்கு வார்த்தையை நம்பி மலை அடிவாரம்வரை ஓட்டி வந்திருக்கிறான்.

குழுவிலோ திருவிழாக் கொண்டாட்டம். ‘காது காப்பாத்திட்டார்!’ ‘சொன்னதையே மறுபடி கேட்டுத் திருத்தற மனசு யாருக்கு வரும்?’ ‘ஆனைக்கும் அடி சறுக்கும், ஆனா இந்த ஆனை எந்திரிச்சு ஓடி வந்து தடுத்துச்சு பாருங்க!’ சாயங்காலத்துக்குள் முந்நூறு பேர் வாழ்த்தியிருந்தார்கள். அவர் எழுதியது ஒரே ஒரு பொய்: ‘மறுபடி கேட்டேன், பிரேக் கட்டை கத்துது.’ கத்தியதைக் கேட்டது மனைவி. அதை அப்படியே விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? இனி சத்தம் போடுகிறவர்களிடம் வேலை அதிகம் என்று நழுவிவிடலாம். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல், குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம், ஆனால் மறைத்துவிட முடியும்போல இருந்தது. அந்தக் குழுவை விட்டால் அவருக்கு வேறு இடம் இல்லை என்பதுதான் சங்கடம்.

“உக்காருங்களேன், தலை சுத்துது எனக்கு” என்றாள் மனைவி.

“மூணு பேர் செத்திருப்பாங்க.”

“சாகலியே.”

“இவங்க சாகல. நான் ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பின மத்தவங்க?”

அதைச் சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. உட்கார்ந்தார். எழுதினார். ‘காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டது நான் இல்லை, என் மனைவி. எனக்கு இப்போதும் அது கேட்கவில்லை. கீச்சென்று வரும் மெல்லிசான சத்தம் எதுவும் எனக்குக் கேட்பதில்லை. எனக்குத் தெரியாமலே இப்படி ஆகியிருக்கிறது. இனி என்னிடம் கேட்காதீர்கள்.’

அனுப்பினார். படித்தவர்களின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

முதலில் வந்தவர் கேட். ‘என் பொண்ணு ஓட்டற வண்டிக்கும் ஒண்ணுமில்லன்னுதானே சொன்னீங்க? தினம் நாப்பது கிலோமீட்டர் போறா.’ அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

பிறகு டீச்சர் வந்தார். ஆறுதல் சொல்கிற ரகமில்லை அவர். ‘எப்பலேருந்து கேக்கல?’

அவர் முதல் பஸ்ஸரை மாற்றிய மாதத்தை யோசித்தார். ‘பதினாலு மாசமாவது இருக்கும்.’

‘அப்ப அந்தப் பதினாலு மாசத்துல நீங்க சொன்னது எல்லாத்தையும் எடுங்க. திரும்பக் கேப்போம். ஒரு ஆள் சொல்லி நாங்க அத்தன பேரும் தலையாட்டினோமே, அது எங்க தப்பு.’

எடுத்தால் அறுபத்து மூன்று சத்தம் இருந்தது. போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். முதல் பத்து எனக்கு என்றார் ஒருவர். என் ஊரில் உள்ள மூன்று வண்டியையும் நாளைக் காலை நேரில் போய்ப் பார்த்துவிடுகிறேன் என்றார் இன்னொருவர். பங்சர், மலைப் பக்கத்து வண்டி எதுவானாலும் தன் கடைக்கு அனுப்பச் சொன்னார். பங்சர் வேறு கட்டை போட்டு அனுப்ப, மச்சினி வீடு போய்ச் சேர்ந்திருந்த சாம்பல் எழுதினார்: ‘எனக்கு அஞ்சு குடுங்க. எனக்குத்தான் நல்லாக் கேக்குதே.’ காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது காதுக்கு. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

‘கேட்’ மகளின் வண்டிச் சத்தத்தை மட்டும் அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். “ம், போடுங்க.”

முப்பது வினாடி ஓடியது. அவர் போனைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவம் அசைகிறதா, உதடு சுளிக்கிறதா என்று.

“இதுல ஒண்ணுமில்லீங்க” என்றாள்.

“நல்லாக் கேட்டியா? நிச்சயமாவா?”

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. அவள் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து, போனை வாங்கித் தன் காதோடு வைத்து மறுபடியும் முதலிலிருந்து கேட்கத் தொடங்கினாள்.