சத்தம் அடங்கிய நெஞ்சு

நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பிறகு தெரிந்துகொண்டதெல்லாம் காதால் வந்தது. மரம் அறுக்கும் ஆலை, மீன்பிடிப் படகு, லாரி என்று ஊர் ஊராக ஓடிய காலத்தில், எந்த எஞ்சினையும் கேட்டே கோளாறு சொல்வேன். சத்தம் போட்டால் கோளாறு. அடங்கினால் சரியாகிவிட்டது. என் நெஞ்சையும் அப்படித்தான் நினைத்துவிட்டேன்.

இரண்டு வருஷமாக மூச்சு விடும்போது விசில் அடித்தது. கிளினிக்கில் எம்பிசீமா, நுரையீரல் நோய் என்று சொல்லி, வாயில் அடித்து இழுக்கும் மருந்து கொடுத்தார்கள். போன மழைக்காலத்தில் விசில் நின்றது. மருந்தை நிறுத்தினேன். படி ஏற முடியாததற்கு வயசுதான் காரணம் என்று இருந்துவிட்டேன்.

பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை கிடைத்தது. கேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மாடிகளைச் சுற்றி வர வேண்டும், தங்க அறை உண்டு. அறுபது தாண்டியவனை வேறு யார் கூப்பிடுவார்கள்? உடம்பு வேலைக்குத் தாங்கும் என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட பாரம் மட்டும்தான் பாக்கி. சுங்கை பினாங்கில் என்னோடு அறையில் இருக்கும் லாரிக்காரன் கிளினிக்குக் கூட்டிப்போனான்.

டாக்டர் சின்னப் பெண். முன்னாலும் முதுகிலும் ஆறு இடத்தில் குழாயை வைத்தார்.

"வாயத் திறந்து வேகமா இழுங்க அங்கிள்."

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் எழுதினார். மூச்சுச் சத்தம் நல்லா கேட்டால் நாலு, கேட்கவே இல்லை என்றால் பூஜ்யமாம். எனக்குப் பூஜ்யமும் ஒன்றுமாகவே வந்தது.

"சத்தமே இல்லையே அங்கிள்."

"சுத்தமா நின்னுபோச்சு டாக்டர்," என்றேன் பெருமையாக.

அவர் சிரிக்கவில்லை. லாரிக்காரனைக் கூப்பிட்டு அவன் முதுகில் குழாயை வைத்து, என் காதில் மாட்டிவிட்டார். கடற்கரைக் காற்று மாதிரி இரைந்தது.

"என்னண்ணே, உள்ள ஏர்கான் ஓடுதா?" என்றான்.

பிறகு என் நெஞ்சில் வைத்தார். இழுத்தேன். எங்கோ தூரத்தில் இதயம் தட்டியது. காற்று இல்லை.

"காத்து உள்ள போனாதான் சத்தம் வரும் அங்கிள். உங்களுக்கு விசில் அடிக்கக்கூடக் காத்து பத்தல."

மருந்தும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதமும் கொடுத்தார். பாரம் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது.

"வேற கிளினிக் இருக்குலா அண்ணே," என்றான் வெளியே. "அங்க குழாயே வைக்க மாட்டான். சைன்தான்."

எங்கள் அறை மூன்றாவது மாடியில். லிப்ட் ஓடவில்லை. அவன் முன்னால் ஏற, அவன் மூச்சு படிக்கட்டு முழுக்கக் கேட்டது. இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டேன்.

அங்கிருந்தே தொழிற்சாலைக்கு ஃபோன் செய்து, வேலைக்கு வர முடியாது என்றேன். அதைச் சொல்லி முடிக்க இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது.