பழசு என்றே படித்த சவரிமுத்து

சவரிமுத்து காய்ச்சலில் போய்விட்டார் என்று, காலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த ரயில்வே ஆள் கிடங்கு வாசலில் நின்று சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. ஆம்பூர்த் தோல் கிடங்கில் அவரோடு வேலை பார்த்த உங்களிடம் அதை மறைப்பானேன்?

பாண்டிச்சேரியில் கிறிஸ்தவச் சாமியாருக்குப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பியவர் அவர். லத்தீனும் பிரெஞ்சும் தெரியும். சீமைக் கடிதம் எது வந்தாலும் முதலாளி சாயபுவுக்கு அவர்தான் படித்துச் சொல்வார்.

ஒரு மழைக்காலத்தில் கப்பலுக்குப் போகவேண்டிய கட்டுக்குப் பன்னிரண்டு தோல் குறைந்தது. தரம் பிரிப்பவன் நான். போன வருஷத்துத் தோலில் பூஞ்சணத்தைத் துடைத்து, எண்ணெய் தடவி, புதுசோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். சில மாதம் கழித்து இத்தாலியிலிருந்து கடிதம் வந்தது. சவரிமுத்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார்.

“வெக்கியே. இத்தாலி பாஷை எனக்கு அரைகுறைதான், ஆனா இது தெரியும். பிரெஞ்சுல வியேய். லத்தீன்ல வேதுலுஸ், அதான் தாய். எல்லாம் ஒரு வயித்துப் புள்ளைங்க. பழசுன்னு அர்த்தம். இன்னா பண்ணி வெச்ச, மாணிக்கம்?”

வேலை போனால் வீட்டில் ஐந்து வயிறு காயும். “வேற இன்னாவாச்சும் சொல்லிப் படியேன், சவரி” என்று கெஞ்சினேன்.

“எத்தினி தேசத்துல, எத்தினி வாயில உருண்டிருக்கு! அப்பவும் பழசுங்கறத அது வுடல. நான் எப்டி மாத்துவேன்? சாயபு தொழுதுட்டு வந்ததும் படிச்சிடுவேன். அதுக்குள்ள நீயே போய் சொல்லிடு.”

நாக்குக் குழறச் சொன்னேன். சாயபு திட்டவில்லை; அதுவே இன்னும் பயமாக இருந்தது. ஆறு மாதம் பச்சைத் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்கு மாற்றினார். தினமும் மதியம் அந்த நாற்றத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சவரிமுத்து சாப்பிட்டார். “எனக்கும் பயந்தான்டா. ஒரு வார்த்தைய மாத்திட்டேன்னா, அப்புறம் நான் படிக்கிற எல்லாக் காயிதமும் பொய்தான்” என்றார் ஒருநாள்.

போன மாதக் கட்டோடும் மூன்று பழைய தோல் போயிருக்கிறது. இந்த முறை கவனக்குறைவு. அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. கடிதம் வந்தால் சவரி படித்துவிடுவார் என்று நடுங்கிக்கொண்டே இருந்தேன். அவர் போன செய்தி கேட்டதும் மனம் சொன்னது: ‘இனிப் படிக்க ஆள் இல்லை, தப்பித்தாய்.’ அப்படி நினைத்த என்னைக் கண்டுதான் பயந்தேன்.

அடக்கத்துக்குப் போகும் வழியில் சாயபு வீட்டுக் கதவைத் தட்டி, மூன்று தோலையும் சொல்லிவிட்டேன். என்ன செய்வாரோ, இன்னும் தெரியாது. பயந்துகொண்டேயாவது போய்ச் சொல்லிவிடுவது. சவரிமுத்து எனக்கு விட்டுப்போனது அதுதான்.