பங்க்கில் ஏற்றாத சூடம்

என் குரல் சின்னது. பக்கத்து அறையில் இருக்கும் கணவரைச் சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் தட்டைக் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவேன். அவர் வந்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஏற்பாட்டில் எங்கள் இருவருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு பெட்ரோல் பங்க்கில் வேலை செய்கிறேன். படிப்பு பத்தாவதுதான். இரு சக்கர வண்டிகளுக்கான பம்பு என்னுடையது. அங்கே அதிகம் பேச வேண்டியதில்லை. "ஜீரோ பாருங்க" என்று மீட்டரைக் காட்டினால் போதும், மற்றதைக் கை பார்த்துக்கொள்ளும். காலை நேரத்தில் வண்டிகள் வரிசையாக வந்து நிற்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஊரே வேலைக்குப் போகிறது, நான் ஒவ்வொருவராக வழியனுப்புகிறேன் என்று தோன்றும்.

மாதத்துக்கு ஒருமுறை மாக் டிரில் நடக்கும். தீப்பிடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு எல்லோரும் அவரவர் வேலையைச் செய்து பார்ப்போம். ஒருவர் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பம்புகளை நிறுத்துவார். ஒருவர் தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்குவார். இரண்டு பேருக்கு மணல் வாளி. இதற்கெல்லாம் முன்னால், தீயை முதலில் பார்ப்பவர் "தீ, தீ, தீ" என்று மூன்று முறை பங்க் முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும். முறை வைத்து மாறிவரும் வேலை அது. நான் எப்படியோ மணல் வாளியிலேயே ஒட்டிக்கொண்டு காலத்தை ஓட்டியிருந்தேன்.

இந்த முறை எண்ணெய்க் கம்பெனியிலிருந்து சேஃப்டி ஆபீசரே பார்க்க வருகிறார் என்று மேனேஜர் சொன்னார். "உங்க முறைம்மா. சத்தம் வராதவங்களைப் பம்புல நிறுத்தக் கூடாதுன்னு அவர் கறாரா இருக்காரு. வரலைன்னா காத்து பிடிக்கிற இடத்துக்குத்தான் மாத்தணும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

டயருக்குக் காற்று பிடிக்கும் இடம் பின்பக்கத்தில், கழிப்பறைச் சுவரை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து சாலை தெரியாது.

டீசல் பம்பில் நிற்கும் பெண் என்னைவிடச் சின்னவள், அம்பத்தூர்க்காரி. அவள் பங்க்கில் பேசினால் எதிர்ச்சாரியில் போகும் லாரிக்காரர் திரும்பிப் பார்ப்பார். அவளே எனக்குப் பயிற்சி கொடுத்தாள்.

"இன்னாக்கா இது, கொசு பாடுற மாதிரி கீது. அடிவயித்துலேர்ந்து வரணும். தோ, குழாயாண்ட உன் கொடத்த எவளோ தள்ளி வெச்சிட்டா. இன்னா சொல்லுவே?"

"திரும்ப எடுத்து வெச்சுப்பேன்."

"போச்சு போ. மாமா குட்த்து வெச்சவரு."

வேலை முடிந்து இருவரும் பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் போனோம். பக்கத்தில் மெட்ரோ வேலைக்காக இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள். காதை அடைக்கும் சத்தம். "இங்க எவனுக்கும் கேக்காது. கத்து" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை நன்றாக இழுத்தேன். நான் "தீ" என்று கத்தவும் இயந்திரம் நிற்கவும் சரியாக இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஒரு கண்டக்டர் குனிந்து தன் பஸ்ஸுக்கு அடியில் பார்த்தார். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். பஸ் ஏறிக் காட்டுப்பாக்கம் வரும் வரைக்கும் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

அந்த ஒரு "தீ"யோடு சரி. மறுநாள் முயன்றபோது பழைய கொசுதான் வந்தது.

ஆபீசர் வந்தது ஒரு முகூர்த்த நாள். இளைஞர், பளபளக்கும் மஞ்சள் சட்டை மாட்டியிருந்தார். நிற்கும் வண்டிகளை அனுப்பிவிட்டு, அவர் கையைத் தூக்கியதும் ஆரம்பிக்க வேண்டும் என்று பேச்சு. எல்லோரும் அவரவர் இடத்தில் தயாராக நின்றார்கள்.

என்னிடம் கடைசியாக நின்றது ஒரு புத்தம் புது ஸ்கூட்டர். கோயிலில் பூஜை போட்டுவிட்டு நேராக வந்திருந்தது. முன்னால் சாமந்தி மாலை, சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஓட்டி வந்தது ஐடி வேலைக்குப் போகும் பெண். அப்பாவும் அம்மாவும் பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பேச்சில் மதுரைப் பக்கம் தெரிந்தது.

பெட்ரோல் போட்டு முடித்துக் குழாயை மாட்டத் திரும்பினேன். டேங்க் மூடி திறந்துதான் இருந்தது. "மொதப் பெட்ரோலு. இப்படியே ஒரு சுத்துச் சுத்திப் போட்டுருவோம்" என்று அந்த அம்மா எலுமிச்சம்பழத்தின் மேல் சூடத்தை வைத்தார். அப்பா தீப்பெட்டியைத் திறந்து குச்சியை எடுத்தார்.

"கொளுத்தாதீங்க!"

என் குரல் மேல்கூரைத் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்து என் காதிலேயே விழுந்தது.

பற்றாத குச்சி அவர் கையிலிருந்து நழுவியது. டிரில் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்த எங்கள் ஆட்கள் பாய்ந்தார்கள். டீசல்காரி பொத்தானை ஓங்கிக் குத்தினாள். எல்லாப் பம்பும் நின்றது. மணல் வாளிகள் இரண்டும் வந்து குச்சி மேலும், எலுமிச்சம்பழத்தின் மேலும், ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்திலும் கொட்டின. சிலிண்டரைத் தூக்கி வந்தவர் நல்லவேளையாக அழுத்தவில்லை.

"நல்ல நேரம் பாத்து எடுத்த வண்டில மண்ணள்ளிப் போட்டுட்டீகளே" என்று அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அம்மா, டேங்க் தெறந்து கெடக்கும்மா" என்று மகள் மூடியைத் திருகினாள்.

அப்பா டேங்கைப் பார்த்தார், கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்தார். அதை என் கையில் வைத்து, "நீங்களே வச்சுக்கங்க தாயி" என்றார்.

ஆபீசர் வந்தார். "எல்லாரும் வேகமா வந்தீங்க. ஆனா இது டிரில் இல்லையே. மூணு தடவை 'தீ'ன்னும் சொல்லலை. முறைப்படி ஒருதரம் செஞ்சிடலாம்" என்று கையைத் தூக்கினார்.

வாயைத் திறந்தேன். "தீ." டீசல்காரி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"கேக்கலையேம்மா" என்றார் ஆபீசர்.

மண்ணைத் தட்டிக்கொண்டிருந்த அந்த அம்மா நிமிர்ந்தார். "எங்களுக்குக் கேட்டுச்சே சார். எங்க வீட்டுக்காரருக்குக் கல்யாணமானதுலருந்து நான் கத்துறது கேக்காது. இந்தம்மா ஒரு சொல்லுச் சொல்லவும் குச்சியக் கீழ போட்டுட்டாரு. இதுக்கு மேல என்ன சத்தம் வேணும்?"

"ஆமா சார்" என்றார் அவர் வீட்டுக்காரர்.

ஆபீசருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இவங்க பம்புலயே இருக்கட்டும்" என்று மேனேஜரிடம் சொன்னார். "பக்கத்துல ஒரு மணி மாட்டுங்க. பித்தளையா இருக்கணும். இரும்பு வேணாம், பொறி வரும். அடிக்க மரக்கட்டை."

எல்லோருமாக வண்டியைச் சுத்தம் செய்தோம். தண்ணீர் ஊற்றாமல் துணியால்தான் துடைத்தோம். தரை எண்ணெய் பட்ட மணலைக் கழுவித் தள்ளினால் வடிகால் வழியாகப் பக்கத்து ஏரிக்குப் போய்விடும். அதைக் கூட்டி அள்ளித் தனி டிரம்மில் போடுவதுதான் எங்கள் பழக்கம். மகள் முன்சக்கரத்தைத் துடைத்தாள், ஆட்டோக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டி, சாலையோரமாக வெகுதூரம் போனோம். நான் தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அம்மா சூடத்தை ஏற்றி வண்டியைச் சுற்றிவிட்டு, அதே சூடத்தை என் முகத்துக்கு நேராகவும் மூன்று சுற்று சுற்றினார். "கண்ணு பட்டிருக்கும் தாயி" என்றார். சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்க, மகள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். டீசல்காரி விசிலடித்தாள்.

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் நம்பவில்லை. "எங்க, என்னை ஒருதடவை கூப்பிடு பாப்போம்" என்று பக்கத்து அறையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மூச்சை நன்றாக இழுத்தேன். அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். அப்புறம் கரண்டியை எடுத்துத் தட்டில் இரண்டு தட்டு தட்டினேன். சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.