வேலியோர வரிசை

என் வீட்டுக்காரருக்குப் பேச வராது என்று நினைப்பவர்கள் அவரைத் திராட்சைக் கொடிகளுக்கு நடுவில் பார்த்ததில்லை. மனிதர்களிடம் ஒரு வார்த்தை, கொடிகளிடம் ஓராயிரம். எங்களுடையது சின்னத் தோட்டம். ரசாயன மருந்து அடிப்பதில்லை. அதில் வருவது வெள்ளை ஒயின். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனால் பூவும் எலுமிச்சைத் தோலும் மணக்கும். மணத்தை நம்பி வாய் வைத்தால் இனிப்பு துளியும் இருக்காது. அவரைக் கட்டிக்கொண்டபோது எனக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய அதேதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய அண்ணனின் தோட்டம். பாகம் பிரித்த பிறகு அண்ணன் மருந்தடித்தார், தம்பி அடிக்கவில்லை. "பூச்சிக்கு விருந்து வைக்கிறியாடா?" என்றார் அவர். "நீ ஊருக்கே விஷம் வைக்கிறியே" என்றார் இவர். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே வயிற்றில் பிறந்த பிடிவாதம்.

வேலியை ஒட்டி எங்கள் பக்கம் இருக்கும் வரிசை, பாகம் பிரிக்கும் முன் இருவரும் சேர்ந்து நட்டது. அண்ணன் அடிக்கும் மருந்து காற்றில் வந்து அதில் படியும். அதனால் அந்தப் பழம் எங்கள் பாட்டிலுக்குள் போகக் கூடாது. இயற்கை விவசாயச் சான்றிதழின் விதி அப்படி. இவர் அதைத் தனியாகப் பறித்து, தனி ஜாடியில் ஒயினாக்குவார். விற்கவும் மாட்டார், குடிக்கவும் மாட்டார். "யாருக்குத்தான் இது?" என்று கேட்டால் "இருக்கட்டுமே" என்பார். எனக்குத் தெரியாதா? அண்ணன் வந்து ஒரு மடக்குக் குடிக்க மாட்டாரா என்று வருடா வருடம் ஏங்கிக்கொண்டிருந்தார் மனுஷன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். போய்க் கூப்பிட வேண்டியதுதானே? அதற்கு மட்டும் கால் எழாது.

இந்த வருடம் சான்றிதழ்ச் சோதனைக்கு வந்த அதிகாரி அம்மா வேலியோர வரிசையிலும் இலை பறித்துப் போனார். மருந்தின் சுவடே இல்லை என்று முடிவு வந்தது. இவர் வேலிக்கு ஓடினார். அண்ணனின் கொடிகளில் பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"பார்த்தியா! அண்ணன் மருந்தை விட்டுட்டான். முதல் வருஷம் இப்படித்தான் இருக்கும், நமக்கும் இருந்துச்சே. எனக்காகத்தான் விட்டிருக்கான்."

கல்யாண நாளில்கூட அந்த முகத்தில் அத்தனை சிரிப்பை நான் பார்த்ததில்லை. சட்டையை மாற்றி, ஜாடியிலிருந்து ஒரு பாட்டில் நிரப்பிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு சுற்றுப்பாதையில் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

கதவைத் திறந்த அண்ணியிடம் வந்த விஷயத்தை மூச்சுவிடாமல் சொன்னார். அண்ணி அழுதுவிட்டார்.

"மருந்தடிக்க யாரு இருக்கா தம்பி? கொடி துளிர்க்கிற நேரத்துலயே விழுந்துட்டார். ஒரு பக்கம் கையும் காலும் வரலை. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டார். பாவம் பார்த்து வர வேணாமாம்."

ஜன்னலோரக் கட்டிலில் அண்ணன் பாதி உடம்பாகக் கிடந்தார். அண்ணி கோப்பையைப் பிடிக்க, முகர்ந்து பார்த்தார். பேச்சு குழறியது.

"நம்ம வரிசையா?"

"ஆமாண்ணே."

ஒரு மடக்குக் குடித்தார். மூச்சு வாங்கியது, வீம்பு மட்டும் குறையவில்லை. "எழுந்துட்டேன்னா திரும்ப மருந்தடிப்பேன், தெரியுமில்ல?"

இத்தனை வருடமும் அந்த மருந்தைச் சபித்த மனுஷன் கட்டிலோரம் உட்கார்ந்து, அண்ணனின் அசையாத கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிண்ணே. எழுந்து வந்து அடி. என் தோட்டம் பூரா அடி."