அடுப்பு எரியாத வீடு

என் தம்பிக்கு எதற்கும் காரணம் வேண்டும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். வெள்ளிக்கிழமை நகம் வெட்டாதே என்றால் ஏன் என்பான். வாசற்படியில் நின்று எதையும் வாங்காதே என்றால் அதற்கும் ஏன். படித்து என்ஜினியரான பிறகு கேட்கவே வேண்டாம். எனக்கும் வாய் நீளம்தான், ஆனாலும் அவனோடு பேசி ஜெயிக்க முடியாது. எங்கள் அக்கா மட்டும் பதிலே சொல்ல மாட்டாள். "கூடாதுன்னா கூடாது லா, போ" என்று முடித்துவிடுவாள்.

அக்கா கிள்ளானில் இருக்கிறாள், நான் பிரிக்பீல்ட்ஸில். தம்பி செந்தூலில், ஒரு அடுக்குமாடிக் கொண்டோவின் மேல்மாடியில்.

போன வருஷம் தம்பி பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். நெஞ்சு வலிக்குது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் அவன் ஒருத்தன்தான் மிச்சம். உடலைக் கீழ் மண்டபத்தில் வைத்திருந்து, மறுநாள் சாயங்காலம் மின்சுடலையில் எல்லாம் முடித்துவிட்டு மேலே வந்தோம்.

அவள் போனதிலிருந்து அவன் வாயில் ஒரு பருக்கை படவில்லை. சர்க்கரை வியாதிக்காரன் வேறு. அழவும் இல்லை. நம்ம ஊரில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி சாப்டாச்சா என்பதுதானே? வந்தவர்கள், போனில் கூப்பிட்டவர்கள் எல்லாரும் அதையே கேட்டார்கள். எல்லாரிடமும் "சாப்டேன், சாப்டேன்" என்று கூசாமல் புளுகினான். சொந்தக்காரர்கள் கொண்டுவந்த சோற்றுப் பொட்டலங்கள் மேசையில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. நாங்கள் கெஞ்சினால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இது ஒரு சாவோடு நிற்காது போலிருக்கிறதே என்று பயந்தேன்.

பால் சேர்க்காத டீ, ஒரு தே-ஓவாவது கலக்கிக் கொடுப்போம் என்று அடுப்பைப் பற்ற வைத்தேன். அக்கா பாய்ந்து வந்து அணைத்தாள்.

"நாளைக்குச் சாம்பலைக் கடல்ல கரைக்கிற வரைக்கும் இங்க அடுப்பு எரியக் கூடாது."

சோபாவில் கிடந்த தம்பி தலையைத் தூக்கினான். அந்த நேரத்திலும் பாருங்கள்! "ஏன்க்கா? ஒரு காரணம் சொல்லு."

"தெரியாதுடா. சாவு வீட்டுக்குச் சோறு வெளியிலேர்ந்துதான் வரணும்."

எனக்கு வந்ததே கோபம். "அவன் மயங்கி விழுந்தா உன் சம்பிரதாயமா வந்து தூக்கும்?" என்று கத்தினேன்.

அப்போதுதான் யாரோ கதவைத் தட்டினார்கள். நான் எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "உன் வீடு, நீ போய்த் திற" என்று தம்பியை விரட்டினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தான்.

எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா. இத்தனை வருஷமாக லிஃப்டில் பார்த்துத் தலையாட்டியதோடு சரி. இரண்டு கையிலும் துணி சுற்றிய சட்டி. கறி மீன் எதுவும் போடவில்லை, துக்கத்தில் நீங்கள் தொடமாட்டீர்கள் என்று தெரியும், வெறும் கஞ்சிதான் என்று மலாயில் சொன்னார். எங்கள் ஆட்களும் சாவு வீட்டுக்காரர்களைச் சமைக்க விடமாட்டார்கள் என்றார். பிறகு கேட்டார், "சுடா மக்கான்?" அதே சாப்டாச்சாதான்.

தம்பி அதே புளுகைச் சொல்ல வாயெடுத்தான். ஆனால் சட்டி சூடாக இருந்தது, அந்த அம்மாவுக்குக் கை சுட்டிருக்க வேண்டும். வாங்கிக்கொள்ளத் தன்னால் கை நீண்டது.

"பெலும்" என்றான். இன்னும் இல்லை.

அவ்வளவுதான், உடைந்துவிட்டான். சட்டியை அவனும் விடவில்லை, அந்த அம்மாவும் விடவில்லை. நடுவில் அதைப் பிடித்துக்கொண்டே ஓவென்று அழுதான். அவன் ஒரு கிண்ணம் குடித்து முடிக்கும்வரை, உள்ளே வந்து உட்கார்ந்த அந்த அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாளே, இன்றைக்கும் மறக்கவில்லை!

காரணம் கேட்டால் தீட்டு என்பார்கள், கிருமி என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குத் தோன்றுவது வேறு. துக்கத்தில் இருக்கிறவன் பசிக்குது என்று சொல்ல மாட்டான். கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பான். சொந்தம் கெஞ்சினாலும் முறுக்கிக்கொள்வான். அடுப்பை அணைத்துவிட்டால் யாராவது வந்துதானே ஆகணும், கதவைத் திறந்துதானே ஆகணும்? எந்த மகராசி யோசித்தாளோ, மனுஷ மனசை அக்கு வேறு ஆணி வேறாகப் பார்த்தவள். நம்மவர்களும் யோசித்திருக்கிறார்கள், மலாய்க்காரர்களும் யோசித்திருக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

சட்டியை வெறுமனே திருப்பிக் கொடுக்காதே என்றாள் அக்கா. அதிசயமாகத் தம்பி ஏன் என்று கேட்கவில்லை. கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தான். என்ன போட்டுக் கொடுப்பது என்று தெரியாமலே மாசங்கள் ஓடிவிட்டன.

இந்த வருஷம் ஒருநாள் காலையில் போன் பண்ணினான். "எதிர்வீட்டு அங்கிள் போயிட்டாரு, அந்தம்மாவோட வீட்டுக்காரரு. நீ வரியா?"

கொம்யூட்டர் ரயில் பிடித்துப் போனேன். அதற்குள் கீழே இருக்கும் மலாய்க் கடைக்குச் சட்டியைக் கொண்டுபோய்க் கஞ்சி வாங்கி வைத்திருந்தான். எதிர்வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே நிறையச் சனம். அம்மா அப்போதே சாப்பிட்டுவிட்டார்கள் என்று மகள் சொன்னாள்.

தம்பி அந்த அம்மாவின் முன்னால் போய்க் குந்தினான். இரண்டு கையாலும் சட்டியை நீட்டினான்.

"சுடா மக்கான்?"

அந்த அம்மா மகளைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார்.

"பெலும்" என்றார்.