சொல்லிவிட்டு ஊசி போடும் வார்டு

மாடி வீட்டுப் பெண் தன் கைக்குழந்தைக்கு ஸ்கேன் எடுக்கத் துணைக்குக் கூப்பிட்டாள் என்று போன வாரம் கூடுவாஞ்சேரி ஸ்கேன் சென்டருக்குப் போயிருந்தேன். குழந்தை அசையாமலிருக்கக் கொடுக்கும் தூக்க மருந்து பாட்டிலைத் திறந்ததும் ஆரஞ்சு மிட்டாய் வாசனை. அவ்வளவுதான், இதே வாசனை அடித்த செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கே போய்விட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே குழந்தைகளின் தீவிர சிகிச்சை வார்டில் நர்ஸாக இருந்தேன். மூச்சுக்குழாய் போட்ட குழந்தை முழித்தால் மிரண்டுபோய்க் குழாயைப் பிடுங்கிவிடும். அதனால் மருந்து ஏற்றித் தூங்க வைத்திருப்போம். குறைந்தால் முழித்துவிடும், கூடினால் நாடி இறங்கிவிடும். தூங்குகிற பிள்ளையானாலும் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும் என்பது வார்டு வழக்கம். "இப்ப ஊசி போடப் போறேன் கண்ணு."

நான் அதோடு நிறுத்துகிற ஆளா? அச்சரப்பாக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டல் அறையில் ஒண்டியாகக் கிடந்தவள். அறைத் தோழி கல்யாணமாகிப் போனது, ஹாஸ்டல் சாம்பாரின் லட்சணம், எல்லாவற்றையும் பிள்ளைகளிடம்தான் கொட்டுவேன். தூங்குகிறவர்களைப் போலப் பொறுமைசாலிகள் உண்டா!

அப்படி என்னிடம் மாட்டியவள் தேவி. நாலு வயது, நுரையீரலில் சளிக் காய்ச்சல். அவள் அம்மா மாமல்லபுரத்தில் சிப்பி மாலை விற்பவர். காலையும் மாலையும் கொஞ்ச நேரம்தான் உள்ளே விடுவார்கள்.

"இன்னாம்மா, எப்பப் பாத்தாலும் தூங்கிகினே கீது? உசுரு கீதா?"

"நல்லாத்தான் இருக்காக்கா. மருந்துல தூங்குறா."

"முழிச்சா என்னை அடையாளம் தெரியுமா?"

அந்தக் கேள்வியைத் தினமும் கேட்பார். மகளைத் தொடக்கூடப் பயந்து, சேலை முந்தானையைக் கசக்கிக்கொண்டே நிற்பார்.

மருந்தைக் குறைத்துக் குழாயை எடுத்த அன்று அம்மாவைக் கூப்பிட்டோம். தேவி கண் திறந்தாள். "தேவி... அம்மாடி..." அந்தம்மா கூப்பிடக் கூப்பிட, அவள் கூரையையே பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "கண்ணு, அம்மா வந்திருக்காங்க பாரு" என்றேன். சட்டென்று என் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினாள்.

ஐயோ, அந்த நொடி எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! அடுத்த நொடி அந்தம்மா முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு மூச்சு மிஷினுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன்.

"வூட்டுக்குப் போலாம் வாடி, நெத்திலி வறுத்துத் தரேன்." அந்தம்மா பேசிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தேவியின் கண் அந்தக் குரலைத் தேடிப் போனது. பிறகு கம்மிய தொண்டையில் அழுதாள். அந்தம்மாவும் அழுதார். வீட்டுக்குப் போகும் நாளில் தேவி என் வெள்ளை உடுப்பைப் பார்த்துப் பயந்துதான் அழுதாள், அது வேறு கதை.

அந்த வார்டை இடித்துவிட்டார்கள். இப்போதெல்லாம் அம்மாக்களே கட்டிலோரம் உட்கார்ந்து பேசுகிறார்களாம். அதுதான் நியாயம். ஸ்கேன் சென்டரிலும் அந்தப் பெண்ணே பேசிப் பேசிக் குழந்தையைத் தூங்க வைத்தாள். திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். வீட்டில் மட்டும் பழக்கம் விடவில்லை. "இப்ப தாளிக்கப் போறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் கடுகைப் போடுகிறேன். கேட்கத்தான் ஆள் இல்லை.